ஜிம் இல்லாத மைதானத்தில் இளம் வீரருக்குப் பலப் பயிற்சி: வன்னிப் பயிற்றுநர்களின் அனுபவப் பகிர்வு

கிளிநொச்சி, பாடசாலை அணிப் பயிற்றுநர்

ஜிம் இல்லாதது பெரிய குறையில்லை. மைதானத்தைச் சுத்திப் பத்து ரவுண்ட் ஓடவிட்டால் பயிற்சி முடிஞ்சுது எண்டு நினைக்கிறதுதான் குறை. உதைபந்தாட்டத்தில பெடியன் 5, 10 மீற்றர் பாயிறான், சடாரெண்டு நிக்கிறான், திரும்புறான், குதிக்கிறான். ரவுண்ட் ஓட்டம் மூச்சைத் தரும். நிக்கிறதுக்கும் திரும்புறதுக்கும் வேண்டிய பலத்தைத் தராது.

கிழமைக்கு ரெண்டு நாள், 25 நிமிசம் போதும். முதல் ஆறு கிழமை பாரம் வேண்டாம், குனியப் பழக்குங்கோ. மண்வெட்டிப் பிடி ஒண்டை முதுகோட நெடுக்காப் பிடிக்கச் சொல்லுங்கோ. பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, நாரிக்குக் கீழ் எலும்பு மூண்டும் அதில முட்டவேணும். முழங்காலைக் கொஞ்சமா மடிச்சு, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனியேக்க எது பிடியை விட்டு விலகுதெண்டு பாருங்கோ. பின்மண்டை விலகினால் தலையைத் தொங்கப்போடுறான். கீழ் எலும்பு விலகினால் முதுகு வளையுது, அவனுக்கு இன்னும் பாரம் குடுக்கக்கூடாது.

பாரத்துக்கு உரப்பை நல்லது. 5 கிலோ காய்ஞ்ச மணலைத் தடிச்ச பொலித்தீன் பையில போட்டு இறுக்கிக் கட்டி, உரப்பைக்குள்ள வைச்சுச் சுருட்டிக் கட்டுங்கோ. மணல் நனைஞ்சால் நிறை மாறும், கணக்குப் பிழைச்சுப்போகும். நெஞ்சோட அணைச்சபடி 8 தரம் குந்தி எழும்பினால் ஒரு சுற்று. மூண்டு சுற்று, நடுவில ஒண்டரை நிமிச ஓய்வு. கடைசி ரெண்டு தரமும் குதி நிலத்தை விட்டு எழும்பாமல் அடுத்தடுத்த ரெண்டு பயிற்சியில வந்தால் 2 கிலோ கூட்டலாம். அதோட, பின்காலை வாங்கில வைச்சு ஒற்றைக்காலில ஆறாறு தரம் குந்தி எழும்பவேணும். இதைத் தட்டிக்கழிக்க விடாதேங்கோ. பந்தை உதைக்கேக்க நிக்கிறது ஒற்றைக்காலில.

முல்லைத்தீவு, கழக அணி

பின்தொடைக்கு நோர்டிக் எண்ட பயிற்சியை விட்டால் வேற நல்லது எனக்குத் தெரியாது. மடிச்ச சாக்கில முழந்தாளில நிக்கவேணும், கூட்டாளி கணுக்காலுக்கு மேல அமத்திப் பிடிப்பான். முழங்காலில இருந்து தலை வரை ஒரே நேரா, ஏலுமான அளவு மெதுவா முன்னுக்குச் சரியவேணும். தாங்கேலாத இடத்தில கையை ஊண்டி விழலாம்.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின்ர (பீபா) 11+ எண்ட சூடேற்றல் திட்டத்தில நோர்டிக் துவக்க நிலைக்கு 3–5 தரம், அடுத்ததுக்கு 7–10, மேல்நிலைக்கு 12–15. எங்கட பக்கம் பிழைக்கிறது இதிலதான்: ஆர்வத்தில முதல் நாளே இருபது செய்விக்கினம். அடுத்த ரெண்டு நாளும் பெடியள் படியேற மாட்டாங்கள், பிறகு அந்தப் பயிற்சியின்ர பேரைச் சொன்னாலே ஒளிக்கிறாங்கள். போட்டிக்கு முதல் ரெண்டு நாளும் செய்யவேண்டாம். இடுப்பு மடிஞ்சு பின்பக்கம் பின்னுக்குப் போனால் பின்தொடைக்குப் பாரம் குறைஞ்சுபோகும். அப்ப எண்ணிக்கையைக் குறைச்சு வடிவைத் திருத்துங்கோ.

வவுனியா, இயன்மருத்துவர்

வளர்த்தியைக் கணக்கில் எடுங்கள். ஆண்பிள்ளைகள் ஏறத்தாழ 14 வயதிலும் பெண்பிள்ளைகள் 12 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். மாதம் ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரம் அளந்தால் போதும். ஒரே நேரத்தில் அளக்க வேண்டும், ஏனெனில் காலையில் இருந்த உயரம் மாலையில் சற்றுக் குறையும். மூன்று மாதத்தில் 2 சென்ரிமீற்றருக்கு மேல் கூடியவருக்குக் குதித்தலையும் நீண்ட உதைகளையும் குறையுங்கள், பலப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

முழங்காலுக்குக் கீழ் முன்பக்க எலும்பு மேட்டிலும், குதிக்காலின் பின்பக்கத்திலும் வரும் நோ இந்த வயதில் சாதாரணம். தசைநார் இழுக்கும் இடத்தில் எலும்பு இன்னும் முற்றவில்லை என்பதே காரணம். நோ பத்துக்கு எத்தனை என்று கேட்டு, அது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை கூடாமலிருந்தால் விளையாடலாம். எண்ணெய் போட்டு அந்த மேட்டை அழுத்தி உருவுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். அடிபடாமலே நொண்டிக்கொண்டு "முழங்கால் நோகுது" என்று வரும் பிள்ளைக்குக் கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். அவரை ஓடவிடாமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

மடு, பெண்கள் அணிப் பயிற்றுநர்

பிள்ளைகள் குதிச்சு இறங்கேக்க முழங்கால் உள்ளுக்கு மடியுதோ எண்டு முன்னுக்கு நிண்டு பாருங்கோ. முழங்காலுக்குள்ள இருக்கிற சிலுவைத் தசைநார் கிழியிறது பெண்பிள்ளைகளுக்குக் கூட. முழங்கால் பாதத்துக்கு நேரா நிண்டு, சத்தமில்லாமல் இறங்கப் பழகினாப் பிறகுதான் உயரம் கூட்டவேணும். ஒரு நாளைக்கு 60 இறக்கம் காணும்.

கிளிநொச்சி, பாடசாலை அணிப் பயிற்றுநர்

ரெண்டு விசயம் விட்டுப்போச்சு. சைக்கிளில 8 கிலோமீற்றர் உழக்கி வாறவன், அறுவடைக் காலத்தில நெல்மூட்டை தூக்கிப்போட்டு வாறவன், இல்லப் போட்டிக்கு ஓடிப்போட்டு வாறவன் எல்லாரும் ஏற்கெனவே வேலை செய்துதான் மைதானத்துக்கு வாறாங்கள். வந்தவுடன கேளுங்கோ. கேட்டுப்போட்டு அவனுக்குச் சுற்றைப் பாதியாக்குங்கோ.

மற்றது தண்ணி. சோழகம் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாதங்களில பின்னேரம் நாலரைக்குப் பிறகு துவங்கினாலும் 15–20 நிமிசத்துக்கு ஒருக்கா 150–200 மில்லிலீற்றர் குடிக்க விடவேணும். நல்லா வேர்த்தவனுக்கு ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்பு, குளுக்கோசுத் தூள்) குடுக்கலாம், ஆனால் ஒரு பக்கெற்றுக்கு முழு ஒரு லீற்றர் தண்ணி. அரைப் போத்தலில கரைச்சால் உப்புக் கூடி வயித்தைப் பிரட்டும்.

முல்லைத்தீவு, கழக அணி

மாரியில மைதானம் சேறானால் வகுப்பறை விறாந்தையில செய்யிறம். நனைஞ்ச சீமெந்தில குதிக்க விடவேண்டாம், வழுக்கும். முழங்கையூண்டி உடம்பை நேராத் தாங்கிற பிளாங்க் 20–30 செக்கன் மூண்டு சுற்று, பக்கவாட்டிலயும் அப்பிடியே, படி நுனியில ஒற்றைக்காலில குதியுயர்த்தல் பன்ரெண்டு பன்ரெண்டாய் ரெண்டு சுற்று. நோர்டிக்குக்கு அதே சாக்கு.