வீட்டில் செய்த வேக்குவம் ஃபார்மிங் பெட்டி: அடிப்பக்கம் அச்சோடு ஒட்டமாட்டேன் என்கிறது

கேள்வி:
ரிமோட் கார்களுக்கு வேக்குவம் ஃபார்மிங்கில் (சூட்டில் இளகிய பிளாஸ்டிக் ஷீட்டை அச்சின் மேல் உறிஞ்சிப் படியவைக்கும் முறை) மேல்கூடு செய்ய, மிச்சமிருந்த பிளைவுட்டில் 30 செ.மீ. சதுரத்தில் ஒரு பெட்டி அடித்தேன். மேல் பலகையில் 2 செ.மீ. இடைவெளியில் 3 மி.மீ. துளைகள், பக்கவாட்டில் வீட்டு வேக்குவம் கிளீனரின் குழாய், அவ்வளவுதான். 1 மி.மீ. ஹிப்ஸ் (HIPS, ஒரு வகை பிளாஸ்டிக்) ஷீட்டை மரச்சட்டத்தில் பைண்டர் கிளிப் போட்டு இறுக்கி, ஓவனில் சூடாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சின் மேல் இறக்குகிறேன். காரின் கூரை அழகாக வருகிறது. ஆனால் கீழே போகப்போக ஷீட் அச்சை விட்டு விலகிக் கூடாரம் மாதிரி நிற்கிறது, ஜன்னல் விளிம்புகள் எல்லாம் மழுங்கல். நிஜ வேக்குவம் பம்ப் வாங்கினால் சரியாகுமா?

பதில் 1:
பம்ப் இப்போது வேண்டாம். சாதாரண வேக்குவம் கிளீனரே ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல் வரை இழுக்கும், அதாவது காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கேட்பதற்குக் குறைவுதான், ஆனால் உங்கள் 900 சதுர செ.மீ. ஷீட்டின் மேல் அது சுமார் 180 கிலோ எடையை ஏற்றி வைத்த மாதிரி. பம்ப் இன்னும் ஆழமாக இழுக்கும், ஆனால் மெதுவாக. பெட்டிக்குள் இருக்கும் காற்றை அது காலி செய்வதற்குள் ஷீட் ஆறிவிடும், அதனால்தான் பம்ப் வைப்பவர்கள் முன்கூட்டியே காலி செய்த ஒரு டேங்கும் வால்வும் சேர்த்து வைக்கிறார்கள்.

முதலில் கசிவைப் பாருங்கள். சூடாக்காத ஷீட்டை அச்சு இல்லாமல் பலகை மேல் வைத்து மெஷினைப் போடுங்கள். ஷீட் கையால் பிய்க்க முடியாதபடி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மெல்லிய காகிதக் கீற்றை மூலைகள், குழாய் நுழையும் இடம் எல்லாவற்றிலும் பிடித்துப் பாருங்கள், உள்ளே இழுபட்டால் அங்கே ஓட்டை. உள்மூட்டுகளில் சிலிக்கான் சீலன்ட், பலகையின் ஓரம் முழுக்க ஃபோம் பட்டை ஒட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த 180 கிலோ பலகையையும் சேர்த்துத்தான் அழுத்துகிறது, நடுவில் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். மெஷினை அடைத்தபடி நிறைய நேரம் ஓட்டாதீர்கள், அதன் மோட்டார் குளிர்வதே உள்ளே வரும் காற்றால்தான்.

பதில் 2:
கசிவு ஒருபுறம் இருக்கட்டும், நீங்கள் ஷீட்டைச் சீக்கிரமே எடுத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஹிப்ஸ் சூடாகும்போது முதலில் அலை அலையாக நெளியும், பிறகு திடீரென்று பறைத்தோல் மாதிரி விறைத்துச் சமமாகும். பலர் அங்கேதான் ஏமாந்து வெளியே இழுத்துவிடுகிறார்கள். இன்னும் பொறுத்தால் நடுவில் தொய்ய ஆரம்பிக்கும், உங்கள் அளவுக்கு 2 அல்லது 3 செ.மீ. தொய்ந்ததும் எடுங்கள். எடுப்பதற்கு முன்பே மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பெட்டி ஓவனுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் 1 மி.மீ. ஷீட் சில நொடிகளில் விறைத்துவிடும். நானே இரண்டு எட்டு நடந்து போய் எத்தனையோ ஷீட்டை வீணாக்கியிருக்கிறேன்.

அப்புறம், சமையலுக்குப் பயன்படுத்தும் ஓவனில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், தனி ஓவன் வைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிவிசி ஷீட் பக்கமே போகாதீர்கள், அளவு மீறிச் சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, இரண்டுமே சரிதான்! குழாய் நுழையும் இடத்தில் காகிதம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதை அடைத்து, ஷீட்டை நன்றாகத் தொய்யவிட்டு இறக்கினேன், சக்கர வளைவு வரை கச்சிதமாக வந்துவிட்டது. ஆனால் கண்ணாடி சாய்ந்து பானெட்டைத் தொடும் பள்ளம் மட்டும் இன்னும் உருண்டையாகவே இருக்கிறது. கண்ணாடி மாதிரி தெரியும் பாலிகார்பனேட் ஒன்றும் போட்டுப் பார்த்தேன், உள்ளே முழுக்கக் குட்டிக் குட்டிக் குமிழ்.

பதில் 3:
பள்ளத்தில் காற்று சிக்கிக்கொள்கிறது, அது வெளியேற வழி வேண்டும். அந்தக் கோட்டிலேயே 1 மி.மீ. டிரில்லால் நாலைந்து துளை, அச்சின் அடிவரை. பிளாஸ்டரில் டிரில்லை விரல்களால் மெல்லத் திருப்பினாலே இறங்கும், அழுத்தினால் விளிம்பு உதிரும். அச்சை 5 மி.மீ. அட்டை மேல் தூக்கி வையுங்கள், அப்போதுதான் கீழ்விளிம்பு கூர்மையாக வரும், வெட்டுவதற்கும் கோடு கிடைக்கும். பக்கச்சுவர்கள் 3 முதல் 5 டிகிரி உள்நோக்கிச் சாயட்டும், இல்லையென்றால் ஆறியதும் ஷீட் அச்சைக் கவ்விக்கொண்டு உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டர் உள்வரை காய்ந்ததா என்றும் பாருங்கள், ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி ஷீட்டைத் தூக்கும்.

குமிழுக்குக் காரணம் பாலிகார்பனேட் காற்றிலிருந்து குடித்த ஈரம். சுமார் 120 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் உலர்த்திவிட்டு, ஆறவிடாமல் அப்படியே மேலும் சூடாக்கி இழுக்க வேண்டும். பழகும்வரை பெட்ஜி (PETG, இதுவும் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக்தான்) வாங்குங்கள், பொதுவாக உலர்த்தத் தேவையில்லை, குறைந்த சூட்டிலேயே இளகும். மோதினால் பாலிகார்பனேட் அளவுக்குத் தாங்காது, ஓட்டுகிற காருக்குப் பிறகு மாறிக்கொள்ளலாம்.