சென்னை ஃபிளாட்டில் ஆர்க்கிட்: மொட்டு உதிர்கிறது, இலை சுருங்குகிறது, என்ன செய்யலாம்?

மடிப்பாக்கம் மலர்:

எல்லோருக்கும் வணக்கம். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் ஒரு பெரிய வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் மூன்று ஆர்க்கிட் செடிகளைச் சேர்த்து வைத்துப் பரிசாகக் கொடுத்தார்கள். இரண்டு வெள்ளை, ஒன்று ஊதா. அகலமான தடித்த இலை, நீளமாக வளைந்த தண்டில் வரிசையாகப் பட்டாம்பூச்சி மாதிரிப் பூ, கடையில் ஃபெலனாப்சிஸ் என்று சொன்னார்களாம். வந்தபோது அவ்வளவு அழகாக இருந்தது, ஹாலில் சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்துவிட்டோம். இப்போது நுனியில் இருந்த மொட்டுகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்கின்றன, ஊதாச் செடியின் அடி இலை தோல் மாதிரிச் சுருங்கித் தொங்குகிறது. அம்மா தினமும் காலையில் துளசிக்கு ஊற்றும்போது இதற்கும் ஒரு டம்ளர் ஊற்றுகிறார். கிண்ணத்தின் அடியில் ஓட்டை இல்லை. ஒருவர் ஐஸ் கட்டி வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் மண் போட்டு நடச் சொல்கிறார், இலை சுருங்கினால் இன்னும் தண்ணீர் ஊற்று என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

எங்களுக்குக் கிழக்குப் பக்கம் கிரில் போட்ட பால்கனி, மேற்கே ஒரு பெரிய ஜன்னல். இதைக் காப்பாற்ற முடியுமா, மறுபடி பூக்குமா, ஹாலில் அழகாக எப்படி வைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அண்ணாநகர் வேர்:

முதல் வேலையாக அந்த ஒரு டம்ளர் தண்ணீரை நிறுத்துங்கள். அம்மா மேல் தப்பில்லை, துளசிக்கு அது சரி, ஆனால் இந்தச் செடி காட்டில் மண்ணிலேயே வளர்வதில்லை, மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு வேரைக் காற்றில் விட்டு வளர்வது. மழை பெய்தால் நனையும், அப்புறம் காற்றில் உலரும். அந்த வேரின் மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது, நனைந்தால் தண்ணீரை உறிஞ்சிப் பச்சையாகும், காய்ந்தால் வெள்ளி நிறத்துக்குத் திரும்பும். ஓட்டை இல்லாத கிண்ணத்தில் தினமும் தண்ணீர் நின்றால் அந்த உறை அழுகிக் கழன்றுவிடும். மண்ணில் நட்டாலும் இதே கதிதான், அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இலை சுருங்குவதைப் பற்றி இதை நன்றாகக் கவனியுங்கள். தண்ணீர் போதாவிட்டாலும் இலை சுருங்கும், தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் அதே மாதிரிதான் சுருங்கும், ஏனென்றால் உறிஞ்சுவதற்கு வேரே இருக்காது. இலையை மட்டும் பார்த்து இன்னும் ஊற்றினால் செடி போய்விடும். வேரைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஆகவே மூன்றையும் கிண்ணத்திலிருந்து வெளியே எடுங்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பில், நசநசவென்று ஸ்பாக்னம் பாசியில் (தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு மாதிரிப் பாசி) இருக்கும். பாசியை மெதுவாகப் பிரித்து வேரை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர், நிறம் கொஞ்சம் பழுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அழுத்தினால் கொழகொழவென்று தோல் கழன்று நடுவில் நூல் மாதிரி மட்டும் நின்றால் அது அழுகல். கத்தரிக்கோலைத் தீயில் காட்டி ஆறவிட்டு, அழுகியதை எல்லாம் வெட்டுங்கள். வெட்டிய முனையில் மட்டும் சமையலறைப் பட்டைத் தூளைத் தொட்டு வைக்கலாம், நல்ல வேர் மேல் தூவினால் அதையும் உலர்த்திவிடும்.

திரும்ப வைக்க அடுப்புக்கரித் துண்டு, செங்கல் துண்டு, ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டு, எல்லாம் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை இருந்தால் போதும். கோகோ பீட் என்ற தேங்காய் நார்க் கழிவு வேண்டாம், அது தூளாக இருப்பதால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காற்றை அடைத்துவிடும். தொட்டி வேர் அடங்கும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் இன்னும் நல்லது, பக்கத்திலும் அடியிலும் சூடான கம்பியால் ஓட்டை போட்டுவிட்டால் வேர் வெள்ளியா பச்சையா என்று வெளியிலிருந்தே தெரியும், எப்போது ஊற்றுவது என்ற சந்தேகமே வராது. நிறைய வேர் வெட்டியிருந்தால் இரண்டு மூன்று நாள் தண்ணீர் காட்டாதீர்கள்.

அதற்குப் பிறகு வேர் வெள்ளியானால் மட்டும் தண்ணீர். ஒரு வாளியில் தொட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து முழுக்க வடியவிடுங்கள், காலை வேளைதான் நல்லது. கரியும் செங்கலும் என்றால் சென்னைக் கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தேவைப்படும், ஐப்பசி கார்த்திகை மழையில் வாரம் ஒரு முறைகூடப் போதும். இலைகள் சேரும் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிடுங்கள். குருத்து அழுகினால் இந்த வகையைக் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் அந்த ஒரே நுனியிலிருந்துதான் இது வளர்கிறது. ஐஸ் கட்டி என்பது அளவாகத் தண்ணீர் கொடுக்க ஒரு வழி, அவ்வளவுதான், நம் ஊருக்கு அது தேவையில்லை.

இடம்: கிழக்கு பால்கனிக் கதவை ஒட்டி. மேற்கு ஜன்னல் வெயில் இலையைச் சுட்டு வெள்ளைத் திட்டு போட்டுவிடும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, இளம்பச்சையாக இருந்தால் சரி. மொட்டு உதிர்வதற்குத் தண்ணீர் மட்டும் காரணமாக இருக்காது. சாப்பாட்டு மேஜையில் பழக்கூடை இருக்கிறதா?

மடிப்பாக்கம் மலர்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு ரொம்ப நன்றி சார். ஆமாம், பக்கத்திலேயே மாம்பழக் கூடை இருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! மேலே மின்விசிறியும் நாள் முழுக்க ஓடுகிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், அதை ஊற்றலாமா?

அண்ணாநகர் வேர்:

பழுக்கிற மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடும், அதுதான் பழத்தைப் பழுக்க வைக்கிறது, அதே வாயு ஆர்க்கிட் மொட்டில் பட்டால் செடி அதை முதிர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு உதிர்த்துவிடும். சாம்பிராணிப் புகையிலும் அந்த வாயு கொஞ்சம் இருக்கும், பூஜை அறைக்குள்ளும் வேண்டாம். விசிறிக்கு நேர் கீழேயும் ஏசிக் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் மொட்டு உலர்ந்துபோகும். மெல்லிய காற்றோட்டம் வேண்டும், அடிக்கிற காற்று வேண்டாம்.

போர் தண்ணீர் உங்கள் பகுதியில் உப்பாக இருந்தால் கரியின் மேல் வெள்ளையாகப் படிந்து வேர் நுனியைக் கருக்கிவிடும். மழைநீரைப் பிடித்து வைத்தால் அதுதான் சிறந்தது, கோடையில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்ல மாற்று, அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் தொடவே கூடாது, வடிகட்டிய உப்பு எல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். உரம் என்றால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 இரண்டு லிட்டருக்கு ஒரு கிராம், புது வேர் விட ஆரம்பித்த பிறகு வாரம் ஒரு தடவை, மாதத்துக்கு ஒரு முறை வெறும் தண்ணீரால் நன்றாக அலசி விடுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், தயிர், வாழைப்பழத் தோல் ஊறல் எல்லாம் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் நாற்றமும் கொசு மாதிரிப் பூச்சியும்தான் கொண்டுவரும்.

மறுபடி பூக்குமா என்று கேட்டீர்கள், அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். ஃபெலனாப்சிஸ் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலை விடும், பூந்தண்டு விடாது. வணிகமாக வளர்ப்பவர்கள் பூ வேண்டும்போது 25 டிகிரிக்குக் கீழே இறக்கிச் சில வாரம் வைப்பார்கள். பெங்களூரிலும் ஏற்காட்டிலும் அது தானாகவே நடக்கும், சென்னையில் மார்கழி, தை இரவுகள்தான் நமக்குக் கிடைக்கும் குளிர். அதை நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம் வரலாம். இந்த ஊரில் ஆண்டு முழுக்கப் பூ வேண்டும் என்றால் டென்ட்ரோபியம் என்ற வேறு வகை ஆர்க்கிட்டை வாங்குவதுதான் என் கருத்து.

பல்லாவரம் பூங்கொடி:

சார் சொன்ன எல்லாம் சரி, ஆனால் கடைசி விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. எங்கள் வீட்டு ஃபெலனாப்சிஸ் சென்னையிலேயே மறுபடி பூத்திருக்கிறது. இரவில் 23 டிகிரியில் ஏசி ஓடும் படுக்கையறையில், காற்று நேராகப் படாத மூலையில் வைத்து, காலையில் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினேன், மார்கழியில் அந்த இதமான இரவும் சேர்ந்துகொண்டது. தை முடிவதற்குள் இலைக் கக்கத்திலிருந்து பச்சையாக ஒரு முனை வந்தது. வேர் முனை என்றால் உருண்டையாக இருக்கும், பூந்தண்டு கொஞ்சம் தட்டையாகக் கையுறை போட்ட கட்டைவிரல் மாதிரி இருக்கும், பார்த்தால் தெரிந்துவிடும். ஆகவே மனசு விடாதீர்கள் மலர். ஆனால் மூன்று நல்ல இலையும் உறுதியான வேரும் இல்லாத செடியிடம் பூவை எதிர்பார்க்காதீர்கள், முதலில் அது தேறட்டும்.

பூந்தண்டு வர ஆரம்பித்ததும் தொட்டியைத் திருப்பவே கூடாது. மொட்டு வெளிச்சத்தைப் பார்த்து வரிசை கட்டும், நடுவில் திருப்பினால் ஒரு பூ இந்தப் பக்கம் ஒரு பூ அந்தப் பக்கம் என்று முறுக்கிக்கொள்ளும். தண்டு ஒரு சாண் வந்ததும் மூங்கில் குச்சி செருகி, தலைக்குப் போடும் சின்ன கிளிப்பால் தளர்வாகப் பிடித்துவிடுங்கள், முதல் மொட்டு இருக்கும் இடத்துக்குக் கீழே கடைசி கிளிப், அதற்கு மேல் தானாக வளையவிட வேண்டும். அந்த வளைவில்தான் இந்தப் பூவின் அழகே இருக்கிறது.

அந்தப் பீங்கான் கிண்ணத்தைத் தூக்கிப் போட வேண்டாம், அதை வெளிக்கூடாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் தனித்தனி ஓட்டைத் தொட்டியில் இருக்கட்டும், கிண்ணத்தின் அடியில் தெர்மாகோல் துண்டு போட்டு உயரத்தைச் சரிசெய்து, தொட்டிகளை உள்ளே இறக்கி, இடைவெளியை மட்டும் உலர்ந்த பாசியாலோ கூழாங்கல்லாலோ மறையுங்கள், வேரின் மேல் மூட வேண்டாம். தண்ணீர் காட்டும் நாளில் வெளியே எடுத்து நனைத்து, வடிந்த பிறகு திரும்ப வைக்க வேண்டியதுதான். உயரமான தண்டு பின்னால், மற்ற இரண்டும் முன்னால் சற்றுத் தள்ளி, எல்லாத் தண்டும் ஒரே பக்கம் வளைகிற மாதிரி. பின்னால் வெறும் சுவர் இருந்தால் போதும், பூப்போட்ட திரைக்கு முன்னால் வைத்தால் பூ கண்ணுக்குத் தெரியாது. நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பூ கண் மட்டத்துக்கு வர வேண்டும், அலமாரி உச்சியில் வைத்தால் பூவின் பின்பக்கம்தான் தெரியும். விருந்தாளி வரும் நாளில் மட்டும் மேஜைக்குக் கொண்டுவந்து, மறுநாள் வெளிச்சத்துக்குத் திருப்பி அனுப்புங்கள், ஒன்றும் ஆகாது.

தக்கலை ராசாத்தி:

டென்ட்ரோபியத்துக்கு என் ஓட்டும் உண்டு. கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகப் பார்ப்பீர்களே, அது பெரும்பாலும் டென்ட்ரோபியம் சோனியாதான், எங்கள் பக்கமும் கேரளத்திலும் வீட்டு முற்றத்தில் நிழல்வலை போட்டு வளர்க்கிறார்கள். நம் வெக்கையை அது விரும்பும். ஃபெலனாப்சிஸை விட வெளிச்சம் அதிகம் வேண்டும், அதனால் ஹாலுக்குள் வேண்டாம், உங்கள் கிழக்கு பால்கனி கிரில்லில் கட்டித் தொங்கவிட்டால் அருமையாக வரும், பூத்ததும் உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். இலை உதிர்ந்த பழைய தண்டு காய்ந்த கரும்பு மாதிரி நிற்கும், பலரும் அதை வெட்டிவிடுகிறார்கள். அது உள்ளே தண்ணீரும் சத்தும் சேர்த்து வைத்திருக்கும், புதுத் தண்டுக்கு அதுதான் தீனி, சில சமயம் அதன் நுனியிலேயே பூக்கவும் செய்யும். முழுசாகப் பழுப்பாகிச் சுருங்கினால்தான் வெட்ட வேண்டும்.

இன்னொன்று, கொல்லிமலை, ஏற்காடு, கொடைக்கானல் போகும்போது சாலையோரத்தில் மரத்திலிருந்து பிய்த்த ஆர்க்கிட்டைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, அதில் உணவுச் சேமிப்பே கிடையாது, ஒரு குறிப்பிட்ட பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும், முளைத்துப் பூக்கப் பல வருடம் ஆகும். பிய்த்த ஒரு செடியின் இடத்தை நிரப்பக் காட்டுக்கு அவ்வளவு காலம் வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அது பிழைப்பது அபூர்வம். நர்சரியில் திசு வளர்ப்பில் (செடியின் சிறு துணுக்கிலிருந்து ஆய்வகத்தில் வளர்ப்பது) வந்த செடி மலிவாகவே கிடைக்கிறது.

மடிப்பாக்கம் மலர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று மூன்றையும் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை இரண்டிலும் வேர் கெட்டியாகப் பச்சையாக இருக்கிறது, கரியும் செங்கலும் போட்டு மாற்றிவிட்டேன். ஊதாவில்தான் அழுகலை வெட்டிய பிறகு இரண்டே வேர் மிச்சம், அதில் இன்னும் நான்கு பூ நிற்கிறது. பூ இருக்கட்டுமா? இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரியும் ஏதோ இருக்கிறது.

அண்ணாநகர் வேர்:

ஊதாவின் பூந்தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். இரண்டு வேரை வைத்துக்கொண்டு நான்கு பூவுக்குத் தீனி போட அதனால் முடியாது, இலையில் இருக்கிற சத்தையும் உறிஞ்சிக்கொடுத்துவிட்டுச் சாகும். வெட்டிய தண்டைத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் வாடாது. வெள்ளை இரண்டிலும் எல்லாப் பூவும் உதிர்ந்த பிறகு, தண்டு பச்சையாக இருந்தால் அடியிலிருந்து மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டிப் பாருங்கள், பக்கக் கிளை வரலாம்.

பஞ்சு மாதிரி இருப்பது மாவுப்பூச்சி. முதலில் மற்ற இரண்டிலிருந்து தள்ளி வையுங்கள். காதுக்குச்சியைச் சானிடைசரில் இல்லாமல் மருந்துக் கடை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து எடுத்து, மறுநாள் மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து இலையின் அடிப்பக்கமும் தெளியுங்கள், வாரம் ஒரு முறை என்று மூன்று நான்கு வாரம் விடாமல். குருத்தில் தேங்கினால் ஒற்றி எடுங்கள்.

வேர் வருவதற்கு, ஈரமான பாசியைக் கைப்பிடி அளவு ஒரு பெரிய பாலிதீன் பையின் அடியில் போட்டு, செடி அதைத் தொடாமல் மேலே நிற்கிற மாதிரி ஒரு கிண்ணத்தில் வைத்து, பை வாயைத் தளர்வாகக் கட்டி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். தினமும் சற்று நேரம் பையைத் திறந்து காற்று காட்டுங்கள், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். புது வேர் ஒரு அங்குலம் நீண்ட பிறகு கரியில் வைக்கலாம். அதற்குச் சில மாதம்கூட ஆகலாம், அதுவரை உரம் வேண்டாம்.