காற்றாலைக்குப் பின்னால் இருப்பதைப் படமெடுத்தவர்கள் உண்டா?

காற்றாலையையும் சோலார் தகடுகளையும் எல்லோரும் எடுத்தாகிவிட்டது. கொஞ்ச காலமாக நான் எடுப்பது, அந்த மின்சாரம் நம்மிடம் வந்துசேரும் வழியை. யாராவது இப்படி அலைந்திருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரொம்ப தூரம் போகும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றி அனுப்பினால் இழப்பு குறைவு. சீனாவில் சாங்ஜி–கூச்சுவான் தடம் 11 லட்சம் வோல்ட்டில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. இப்படிப்பட்ட தடங்களின் இரு முனையிலும், மின்சாரத்தை நேர்மின்னோட்டமாகவும் திரும்ப மாறுமின்னோட்டமாகவும் மாற்றும் கன்வெர்ட்டர் நிலையம் இருக்கும். அப்படி ஒன்றுக்குள் போக அனுமதி கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் இல்லாத பெரிய கிடங்கு, அவ்வளவுதான். உள்ளே வால்வ் ஹால், அதாவது அந்த மாற்றம் நடக்கும் கூடம். தைரிஸ்டர் எனும் மின்னணு சுவிட்சுகளின் அடுக்குகள் கூரையிலிருந்து தொங்குகின்றன; நிலநடுக்கம் வந்தாலும் ஆடிவிட்டு நின்றுவிடும் என்பதற்காக.

சிக்கல் என்னவென்றால், மின்சாரம் ஓடும்போது அதற்குள் ஆள் நுழையவே முடியாது. பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களில்தான் கேமரா உள்ளே போகும். ஆக நான் எடுத்ததெல்லாம் வேலை செய்யாத இயந்திரத்தை! இதை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, படக்குறிப்பிலேயே எழுதிவிடுகிறேன். அளவு புரிவதற்காக, தூக்கு மேடையில் ஏறி அடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஃபிரேமுக்குள் வரும்வரை காத்திருந்தேன். அவர்கள் இல்லாத படங்களில் அது கணினிக்குள் இருக்கும் ஏதோ ஒரு சின்ன பாகம் மாதிரி தெரிகிறது. வெளியே வரும்போது காவலர் ஒவ்வொரு படத்தையும் பார்த்து, கட்டுப்பாட்டுத் திரை தெரிந்தவற்றை அழிக்கச் சொன்னார். அது நியாயம்தான்.

*

முதல் பதிவைப் படித்தேன். எனக்கு நேர் எதிரான பிரச்சினை, படம் ரொம்ப அழகாகிவிடுகிறது. சிலியின் அடகாமா உப்புச் சமவெளியில் பேட்டரிக்கான லித்தியம் எடுக்கும் குளங்களைப் படமெடுத்தேன். நிலத்தடி உப்புநீரை இறைத்து, ஒரு வருடத்துக்கும் மேலாகக் குளம் குளமாக மாற்றி வெயிலில் வற்றவிடுகிறார்கள். செறிவு ஏற ஏற நீலம் பச்சையாகி, கடைசியில் மஞ்சளாகிறது. மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் "சுவரில் மாட்டலாம்" என்றார்கள். ஆவியாகிப் போவது பாலைவனத்தின் நீர்தானே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அப்புறம் கரையில் நடந்து எடுக்க ஆரம்பித்தேன்: குளத்தின் அடியில் விரித்த பிளாஸ்டிக் ஷீட், உப்பு கட்டிப்போன குழாய், பம்பு. அழகு குறைவு. ஆனால் இப்போது கேள்வி வருகிறது.

*

அமெரிக்காவின் வயோமிங்கில், காஸ்பர் நகரக் குப்பைக்கிடங்கில் காற்றாலை இறக்கைகளை வெட்டிப் புதைக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை வைத்துக் காற்றாலையே மோசடி என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடியிழை இறக்கைகளை மறுசுழற்சி செய்வது கடினம் என்பது உண்மை. கோபுரத்தின் எஃகும் உள்ளிருக்கும் செம்பும் உருக்காலைக்குப் போவதும் உண்மை. நான் பிரித்தெடுக்கும் தளத்தில் எடுத்தபோது இரண்டையும் ஒரே தொடராகத்தான் கொடுத்தேன். இறக்கைப் படத்தை மட்டும் கேட்டார்கள். தரவில்லை.

*

முதல் பதிவு போட்டவன்தான். தொடராக மட்டும் கொடுப்பது நல்ல யோசனை, நானும் இனி அப்படித்தான். அடுத்து கடலடிக் கேபிள் பதிக்கும் கப்பலில் ஏறப் பார்க்கிறேன். போனவர்கள் இருந்தால், உப்புக்காற்றில் லென்ஸை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.