தம்பிக்குப் பழைய சோபா, கட்டில்: என்ன விலை சொல்லலாம்?

கேள்வி: தேக்குக் கட்டிலையும் ஐந்து வருடப் பழைய சோபாவையும் தம்பி கேட்கிறான். மனக்கசப்பு வராமல் எப்படி விலை வைப்பது?

பதில் 1: வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். இதே வகைப் பழைய சாமான்களுக்கான நாலைந்து விளம்பரங்களைப் பார்த்து, நடுவில் இருக்கும் விலையை எடுங்கள். அது விற்பவர்கள் கேட்கிற விலைதான், பேரத்தில் இன்னும் இறங்கும். நேரடியாகக் கொடுப்பதால் தரகு மிச்சமானால் அதையும் கழியுங்கள்.

பதில் 2: இரண்டுக்கும் தனித்தனி விலை போடுங்க. தேக்கு சீக்கிரம் மதிப்பு இழக்காது. மூட்டு ஆடுதா, அடியில் மரத்தூள் கொட்டுதான்னு மட்டும் பாருங்க. சோபா அப்படியில்லை. உட்கார்ந்து எழுந்த பிறகும் பள்ளம் நிமிரலைன்னா உள்ளே இருக்கிற நுரை (ஃபோம்) போச்சு, மாற்றும் கூலியைக் கழிக்கணும். தையல் மடிப்பில் கரும்புள்ளி இருந்தா மூட்டைப்பூச்சியா இருக்கலாம், அப்படின்னா கொடுக்கவே வேண்டாம்.

பதில் 3: வண்டிக்கூலி யாருடையது, பணம் எப்போது என்பதை வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். தவணை என்றால் தேதியோடு.