இந்தப் பழைய அட்டையை வரைந்தவர் யார்?

ஆங்கிலச் சிறுவர் கதை எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவ் வரிசையில் முதல் கதையின் அட்டைகளைக் காலவரிசைப்படி ஒப்பிட்டு வருகிறேன். 1942 முதல் பதிப்புக்கு வரைந்தவர் ஐலீன் சோப்பர்; 70ஆம் ஆண்டையொட்டி 2012இல் க்வென்டின் பிளேக். சோப்பரின் அமைதி பிளேக்கின் துள்ளும் கோடுகளில் இல்லை, ஆனால் அந்தத் துறுதுறுப்பும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இடைக்காலத்துப் பேப்பர்பேக் ஒன்றில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பதிப்பு விவரப் பக்கம் கிழிந்துபோய்விட்டது. பின்னட்டையில் பழைய நாணயத்தில் 4 ஷில்லிங், புதிய நாணயத்தில் 20 பென்ஸ் என இரண்டு விலைகள். பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது 1971 பிப்ரவரியில், அதனால் அதையொட்டிய அச்சாகத்தான் இருக்க வேண்டும். புத்தக எண்ணும் 10 இலக்கம் இல்லை, பழைய 9 இலக்கம். முன்னட்டையில் முழு வண்ண ஓவியம்: நான்கு பிள்ளைகள், நாய், பின்னால் இடிந்த கோட்டை.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், ஓவியரின் கையெழுத்து இல்லை. உள்ளே இருக்கும் படங்களோடு ஒப்பிட்டேன், கோடு வேறு மாதிரி. படத்தை வைத்து இணையத்தில் தேடினால் 1978 தொலைக்காட்சித் தொடரின் புகைப்பட அட்டைகளே வருகின்றன. அப்புறம் பழைய புத்தகம் விற்கும் இருவரிடம் கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

இதே அச்சுப் பிரதியைக் கிழியாமல் வைத்திருப்பவர்கள், அட்டை ஓவியர் என்று உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா?