கோணேசர் கோயிலுக்காகக் கதிரையை விட்ட அமைச்சர்

தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவை (செல்வநாயகம்) கண்ட கதை திருமலையில், அதாவது திருகோணமலையில், வீட்டுக்கு வீடு இருக்கிறது. 1956 ஆகஸ்டில் இங்கே நடந்த, ஆட்கள் கால்நடையாகவே வந்து சேர்ந்த கட்சி மாநாடு அப்படி. எங்கள் வீட்டில் அதிகம் அடிபட்ட பெயர் வேறு: சட்டத்தரணி மு. திருச்செல்வம். பெரியப்பா ஒரு புரொக்டரின் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். கறுப்புக் கோட்டுக்காரர்கள் என்றால் அவருக்குத் தனி மரியாதை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சித்தி மகனை ஒரு வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். அவன் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தான். பிரெட்ரிக் கோட்டை வாசலில் ஆமிக்காரர் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே வழக்கம்போல மான்கள், அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்துக்கு மூக்கை நீட்டிக்கொண்டு. பெரியப்பா தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே கதையைத் தொடங்கிவிட்டார்.

1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் வைத்துத்தான் கோட்டையைக் கட்டினார்கள். புதிதாகக் கட்டிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். அதற்கு இரண்டு வருடம் கழித்து, மாவட்ட சபைகள் அமைப்பதாகச் சொன்ன டட்லி–செல்வா ஒப்பந்தத்தின் பிறகு, தமிழரசுக் கட்சி அரசாங்கத்தில் சேர்ந்தது. கட்சியின் சார்பில் மந்திரிசபைக்குப் போனவர் திருச்செல்வம் ஒருவர்தான். தேர்தலில் நின்றவரல்ல, மேல்சபையான செனட்டின் உறுப்பினர்; உள்ளூராட்சி அமைச்சைக் கொடுத்தார்கள். கோயில் சுற்றாடலைப் புனிதப் பிரதேசமாக்கலாமா என்று ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பௌத்த தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க குழுவை நிறுத்தச் சொல்லிவிட்டார். 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார். கட்சியும் அரசாங்கத்தை விட்டு வெளியே வந்தது.

தம்பி அங்கேயே குறுக்கு விசாரணையைத் தொடங்கினான். "ஒப்பந்தத்தில சொன்ன மாவட்ட சபையை அதே வருசம் கைவிட்டாங்களே பெரியப்பா. விலகுறதெண்டால் அதுக்கெல்லோ விலகியிருக்க வேணும்?"

பெரியப்பா நின்றுவிட்டார். "மாவட்ட சபை ரெண்டு கட்சிக்கு இடையில உள்ள கொடுக்கல் வாங்கல். குழு அப்பிடியில்லை, அது அவர் வைச்ச கையெழுத்து. அதை இன்னொராள் வெட்டினாப் பிறகு அந்தக் கதிரையில இருந்து என்ன பிரயோசனம்? அந்தாள் எங்கட ஊர் ஆளுமில்லை தம்பி."

அதற்குள் ஒரு மான் பழத்தைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

எனக்குப் பெரியப்பா சொன்னதுதான் சரி என்று படுகிறது. கட்சி பேரம் பேசலாம், பொறுத்திருந்தும் பார்க்கலாம். தன் துறையில் தான் போட்ட உத்தரவே நிற்காது என்றான பிறகு அமைச்சர் என்ற பட்டம் எதற்கு? சட்டம் படித்தவனுக்கு இது விளங்காமல் போனதுதான் ஆச்சரியம்.

பதவி போன பிறகும் நீதிமன்றம் இருந்தது அவருக்கு. 1976இல் தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கம் முதலானோர் மீது ட்ரயல் அட் பார் வழக்கு (ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரிப்பது) நடந்தபோது, செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம், திருச்செல்வம் மூவரும் ஒரே பக்கம் நின்றார்கள். பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸும் தமிழரசும் எத்தனை வருடம் எலியும் பூனையுமாக இருந்தவை! அந்த நவம்பரில் திருச்செல்வம் காலமானார். அடுத்த பெப்ரவரியில் பொன்னம்பலம், ஏப்ரலில் செல்வநாயகம்.

தம்பி இப்போது கொழும்பில் சட்டத்தரணி. இன்னும் ஒப்புக்கொள்வதாயில்லை. "விலகியும் புனிதப் பிரதேசம் கிடைக்கேல்லையே, கோட்டைக்குள்ள இண்டைக்கும் ஆமிதானே" என்பான். பெரியப்பாவோ, "நீ மினிஸ்டராகி இருந்து காட்டு பாப்பம்" என்பார்.