மறு: வேடியப்பன் கோயில் விளக்க மையம் – இரண்டாம் தவணை

எல்லாருக்கும் வணக்கம்.

விளக்க மையத்துக்கு இரண்டாம் தவணை நன்கொடை கேட்டுப் பொருளாளர் மாமா அனுப்பிய எஸ்டிமேட்டைப் பார்த்தேன். கிரானைட், டைல்ஸ், செல்ஃபி எடுக்க ஒரு வளைவு, நன்கொடையாளர் பலகை. செத்தவன் பேருக்குத்தான் இடமில்லை.

போன வாரம் பொங்கல் வைக்கப் போன என் தங்கச்சி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பொக்லைன் விட்டபோது பெரும்போர்க் கல்லை, அதாவது முதல் உலகப் போருக்கு நம் ஊரிலிருந்து போனவர்களின் நினைவுக் கல்லைப் பிடுங்கி, கழிப்பறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்களாம். நாம் வேடியப்பன் என்று கும்பிடும் நடுகல்லுக்கு எனாமல் பெயிண்ட்! மீசைக்குக் கறுப்பு, கச்சைக்குச் சிவப்பு. எண்ணெயும் மஞ்சளும் நம் பாட்டிமார் பூசியதுதான், கழுவினால் போய்விடும். எனாமல் எழுத்துக்குள் இறங்கினால் அப்புறம் தாளை ஒற்றி மைப்படி எடுப்பது எப்படி?

துபாய் அண்ணன் 'ஊர்ப் பெருமை' என்று நாலு மடல் போட்டுவிட்டார். அண்ணா, அந்த நடுகல்லில் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், அவன் பேர் என்ன, தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் என்பது வரை பழைய தமிழ் வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது. மாடு மீட்கப் போனவனுக்கே அந்த மரியாதை. 1914-19 கல்லிலோ இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று எண் மட்டும். ஈராக்கில் இருக்கிற பஸ்ரா போர் நினைவகத்திலும் அப்படித்தான்: இந்திய அதிகாரிகளுக்குப் பேர், சிப்பாய்களுக்குத் தலைக்கணக்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் இந்தப் பாகுபாட்டுக்கு மன்னிப்புக் கேட்டது. அவர்களுடைய இணையப் பட்டியலில் பல சிப்பாய்களுக்கு அப்பா பேர், ஊர் எல்லாம் இருக்கிறது. கிருஷ்ணகிரி என்று தேடினால் மட்டும் போதாது, அன்றைக்கு நாம் சேலம் ஜில்லா. டல்லாஸ் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஆகிற வேலை.

மையத்துக்கு ஒரே அறை போதும். மேற்கே ஜன்னல் வையுங்கள். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போதுதான் தேய்ந்த எழுத்து எழுந்து நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் தடவிப் பார்க்கக் கல்லின் அச்சு ஒன்று, பக்கத்தில் வட்டெழுத்து அட்டவணை. நேரே விளக்குப் போட்டால் ஒன்றும் தெரியாது.

நூலகக் கல்வெட்டில் எங்கப்பா பேர் விட்டுப்போன கோபத்தில் பேசுகிறேன் என்பீர்கள். அதுவும் உண்டு, மறைக்கவில்லை. கிணறு வெட்ட மாடு விற்றுக் கொடுத்தவர் அவர்.

மாமா, என் பங்கு தயார். கழிப்பறைச் சுவரிலிருந்து அந்தக் கல்லை எடுத்து நிமிர்த்திய போட்டோ வரட்டும், அன்றைக்கே அனுப்புகிறேன். முதல் தவணைக் கணக்கையும் கூடவே போடுங்கள்.

குவைத்திலிருந்து,
மேட்டுத்தெரு வாத்தியார் மகன்